புதினாக் கட்டு கறுத்துப்போகாமல் இருக்க: அம்மாவுக்குச் சமைத்த நாட்களில் தெரிந்துகொண்டவை

கீமோ தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்கு வாய் ருசி போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் "தகரத்தை நக்குற மாதிரி இருக்குடி" என்று தட்டைத் தள்ளிவிடுவார். பசி எடுக்காமல் இல்லை. வாயில் வைத்ததும் வருகிற அந்த உலோகக் கசப்புதான் தடுத்தது. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். எந்த மாத்திரை எப்போது, எவ்வளவு காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்பதையெல்லாம் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அடுப்படியில் என்ன செய்வது என்பதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, உப்பும் வெண்ணெயும் போட்டு, கொஞ்சம் புதினாவைக் கிள்ளிக் கலந்து கொடுத்தேன். "இதுல என்னமோ வாசனை இருக்கு" என்று சொல்லித் தட்டைக் காலி செய்தார். அதற்குப் பிறகு சிகிச்சை முடியும்வரை வீட்டில் புதினா தீர்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலைகளில் ஒன்றாகிவிட்டது.

ஒரு கட்டு கீரைக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். வாடினால் இன்னொரு கட்டு வாங்கினால் போகிறது. ஆனால் நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வெளியே இறங்க முடியாதவர்களுக்குத்தான் அந்த இன்னொரு கட்டு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரியும். பக்கத்தில் உட்கார ஆள் பார்க்க வேண்டும், மருந்து வேளைக்குள் திரும்ப வேண்டும், கூட்டத்தில் இருமுகிறவர்களை ஒதுங்கிப் போக வேண்டும், வந்ததும் குளித்துவிட்டுத்தான் அம்மா பக்கத்தில் போக வேண்டும். ராத்திரி முழுக்க வாந்திக்கு எழுந்துவிட்டு விடிந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்தால், முந்தைய நாள் வாங்கிய கட்டு பிசுபிசுவென்று கறுத்துக் கிடக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் கதவைக்கூட மூடாமல் நின்று அழுதிருக்கிறேன். வாங்கியதில் பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போனது. பணம் போனதுகூட அப்படி வலிக்கவில்லை. நல்ல இலை எது, கெட்டது எது என்று ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்த நேரம்தான் வலித்தது. நான் தூங்கியிருக்க வேண்டிய நேரம் அது.

கேட்ட இடத்திலெல்லாம் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். கழுவி வை என்றார் ஒருவர், கழுவவே கூடாது என்றார் இன்னொருவர். ஃபிரிட்ஜில் வைத்தால்தான் கறுக்கிறது, வெளியிலேயே வை என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் பாதி உண்மை இருந்தது, அதனால்தான் குழப்பமே. கடைசியில் ஒரு கட்டை மேஜைமேல் பிரித்துப் போட்டு, கறுப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். ரப்பர் பேண்டு இறுக்கியிருந்த இடத்தில் தண்டு நசுங்கி, அதை ஒட்டிய இலைகள் முதலில் கறுத்திருந்தன. தண்டும் இலைக்காம்பும் சேரும் கணுவில் ஒரு பொட்டுத் தண்ணீர் தங்கியிருந்தால் அந்த இடம் கொழகொழத்திருந்தது. கட்டின் வெளிப்பக்கம் பச்சையாக இருக்க, நடுவில் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. ஓரத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருந்த, ஈரமும் படாத நசுங்கலும் இல்லாத இலைகள் மட்டும் அப்போதுதான் பறித்ததுபோல இருந்தன. தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அந்த மேஜைமேலேயே இருந்தது.

நசுங்கிய இடம் கறுப்பதற்குக் காரணம், நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதற்கான அதே காரணம்தான். இலையின் செல்கள் உடைந்ததும் உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் பீனால் பொருட்களும் கலந்து, காற்றுப் பட்டதும் நிறம் மாறுகின்றன. புதினாவில் இந்தப் பீனால் பொருட்கள் அதிகம், அதனால் கறுப்பும் வேகமாக வருகிறது. ஈரம் செய்வது வேறு வேலை. இலைமேல் நிற்கும் தண்ணீர்ப் படலம் காற்றோட்டத்தைத் தடுத்து, அழுகவைக்கும் கிருமிகளுக்கு இடம் கொடுக்கிறது. நடுவில் வெதுவெதுப்பாக இருந்ததற்குக் காரணம், பறித்த பிறகும் இலை சுவாசித்துக்கொண்டே இருப்பது. இறுக்கிக் கட்டினால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. ஆக, கட்டு வீட்டுக்குள் வந்ததும் மற்ற வேலையெல்லாம் அப்புறம், ரப்பர் பேண்டை வெட்டிவிடுங்கள். உருவி எடுக்க வேண்டாம், உருவினால் அந்த இடத்தில் இன்னும் நசுங்கும். தண்டுகளைப் பரப்பிப் போட்டு, மஞ்சளானது, கறுத்தது, கொழகொழத்தது எல்லாவற்றையும் அப்போதே கழித்துவிடுங்கள். அழுகின ஒரு இலை உள்ளே தங்கினால் பக்கத்து இலைகளும் சேர்ந்து போகும். களைப்பாக இருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பையோடு ஃபிரிட்ஜில் தள்ளத்தான் மனம் சொல்லும். அந்தக் கால் மணி நேரம்தான் ஒரு வாரத்தைக் காப்பாற்றுகிறது.

ஃபிரிட்ஜ் வேண்டாம் என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. புதினாவுக்கு உறவான பேசில் என்ற துளசி வகைக்குக் குளிர் ஆகாது. சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனாலே இலை கறுத்துவிடும். அதன் கதையைப் புதினாமேல் ஏற்றிவிடுகிறார்கள். புதினா குளிரை நன்றாகத் தாங்கும், உறையாத அளவுக்கு 0 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அதிக நாள் இருக்கும். அதற்கு வேண்டியது குளிரும், சுற்றிலும் ஈரப்பதமுள்ள காற்றும். இலைமேல் மட்டும் தண்ணீர் நிற்கக் கூடாது. இதைப் புரிந்துகொண்டால் எந்த முறையில் வைத்தாலும் சரியாக வரும். நான் இரண்டு விதமாக வைத்தேன். நீளமான, கெட்டியான தண்டுள்ள புதினா கிடைத்தால் அடித்தண்டைக் குறுக்காக வெட்டி, கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல்கடைத் தண்ணீர் விட்டு நிறுத்தி வைப்பேன். தண்ணீருக்குள் போகிற இலைகளை முன்னாலேயே உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நாறிவிடும். மேலே ஒரு பிளாஸ்டிக் பையைத் தொளதொளவென்று கவிழ்த்து, ஃபிரிட்ஜில் டம்ளரோடு வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும். தண்டு குட்டையாக இருந்தாலோ, ஃபிரிட்ஜில் உயரம் போதவில்லை என்றாலோ, சுத்தமான மெல்லிய துணியை நனைத்து, சொட்டுக்கூட வராத அளவுக்குப் பிழிந்து, அதில் புதினாவைத் தளர்வாகச் சுருட்டி மூடி போட்ட டப்பாவில் வைப்பேன். துணி ஈரமாகத் தெரிய வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது, அதுதான் அளவு. நல்ல கட்டாக அமைந்தால் ஒரு வாரம் கவலையில்லை, பல தடவை இரண்டு வாரம்கூட வந்திருக்கிறது.

வைக்கிற இடத்தையும் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தால் இலை உறைந்து, எடுத்ததும் கண்ணாடிபோலாகிக் கறுத்துவிடும். காய்கறி வைக்கும் கீழ்த்தட்டு நல்ல இடம்தான், ஆனால் அங்கேயே ஆப்பிளும் வாழைப்பழமும் இருந்தால் வேறு இடம் பாருங்கள். பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. அது பட்டால் புதினா மஞ்சளாகி இலை உதிர்ந்துவிடும். அம்மாவுக்காக வாங்கி அடுக்கிய பழங்கள்தான் அம்மாவுக்காக வாங்கிய புதினாவைக் கெடுத்துக்கொண்டிருந்தன என்று தெரிந்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. பழத்தை ஒரு தட்டிலும் கீரையை இன்னொரு தட்டிலும் மாற்றிய பிறகு மஞ்சள் விழுவது பெரும்பாலும் நின்றது.

கழுவுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு என் பதில், உலர்த்த நேரம் இருந்தால் கழுவி வையுங்கள், இல்லாவிட்டால் சமைக்கும்போது கழுவுங்கள். எனக்கு இரவு இரண்டு மணிக்கு அம்மா எதையாவது கேட்டால் உடனே எடுக்கத் தயாராக இருக்க வேண்டும், அதனால் கழுவி உலர்த்தியே வைத்தேன். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் பிடித்து, புதினாவை அதில் அமிழ்த்தி மெதுவாக அலசி, கையால் மேலே எடுத்துவிட வேண்டும். வடிகட்டியில் கொட்டினால் அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேலேயே விழும். பாத்திரத்தின் அடியில் மண் தங்காதவரை தண்ணீரை மாற்றி மாற்றி இதைச் செய்ய வேண்டும். குழாயைத் திறந்து நேரடியாக வேகமாகக் காட்டினாலும் இலை நசுங்கும். பிறகு துணியில் பொதிந்து, நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து நன்றாக உதறி, இன்னொரு உலர்ந்த துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஃபேனுக்கு அடியில் விடுங்கள். இலையின் மேல்பக்கம் உலர்ந்ததும் எடுத்துவிடாதீர்கள். கணுவில் விரலை வைத்துப் பாருங்கள், அங்கேதான் ஈரம் ஒளிந்திருக்கும்.

இதெல்லாம் ஒரு வழிக்கு வந்த நேரத்தில்தான் பெரிய தடை வந்தது. ரத்தப் பரிசோதனையில் அம்மாவின் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. மருத்துவர், "இந்த நாட்களில் பச்சையா எதையும் கொடுக்காதீங்கம்மா. என்ன கொடுத்தாலும் நல்லா கொதிச்சிருக்கணும்" என்றார். சாப்பாட்டின்மேல் இரண்டு புதினா இலையைக் கிள்ளிப் போடுவதுகூடக் கூடாது. எவ்வளவுதான் கழுவினாலும் இலையில் உள்ள கிருமி முழுதாகப் போவதில்லை, எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பால் அதைத் தாங்க முடியாது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இதை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கீரை, காய், பழம் என்று கேட்டால் அவர்களும் சொல்வார்கள், நாமும் கேட்போம். மேலே தூவும் இலையை யாரும் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. காய்ந்த புதினாப் பொடிக்கும் இதே விதிதான், காய்ந்துவிட்டது என்பதால் கிருமி செத்துவிடாது, அதையும் சமையலோடு கொதிக்க விட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கொதிக்க வைத்தால் வாசனை போகிறது, வாசனை போனால் அம்மா சாப்பிடமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட பாடுதான் இந்தக் கதையின் பெரிய பகுதி. புதினா இலையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால் மின்னுகிற சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். வாசனை எண்ணெய் இருப்பது அந்த நுண்ணிய பைகளில்தான், இலையின் மேற்பரப்பிலேயே. விரல் பட்டாலே மணப்பது அதனால்தான், கொதிக்கும் பாத்திரத்தில் போட்டதும் ஆவியோடு ஆவியாகப் பறந்துவிடுவதும் அதனால்தான். அடுப்படி முழுக்க கமகமவென்று மணந்தால் நாம் சந்தோஷப்படுகிறோம். அந்த மணம் எல்லாம் பாத்திரத்தைவிட்டு வெளியே போய்விட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

எனக்குக் கைகொடுத்தது இரண்டு விஷயங்கள். ஒன்று மூடி. சூப் முழுதாக வெந்து, உப்பு காரம் எல்லாம் சரிபார்த்த பிறகு, கடைசியாகப் புதினாவைப் போட்டு, இறுக்கமான மூடி போட்டு, மூடியபடியே ஓரிரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு அடுப்பை அணைப்பேன். அணைத்ததும் திறக்காமல் ஐந்து நிமிடம் அப்படியே விட வேண்டும். ஆவி மூடியின் உள்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். திறக்கும்போது மூடியைச் சாய்த்து அந்தத் தண்ணீரைப் பாத்திரத்துக்குள்ளேயே விழவிடுங்கள், மணத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் மூடியைத் திறப்பேன். முதல் ஆவி மூக்கில் ஏறினால் முதல் கரண்டி உள்ளே போகும். ஆனால் வாந்தி வருகிற நாட்களில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டியிருந்தது. அப்போது எந்த மணமும் ஆகாது, தூரத்திலேயே திறந்து ஆறவைத்து, குளிர்ச்சியாகக் கொடுத்தால்தான் இறங்கும். சூடான உணவைவிட ஆறிய உணவில் மணம் குறைவாக எழும் என்பதால் குமட்டலும் குறைகிறது.

இன்னொன்று கொழுப்பு. புதினாவின் வாசனைப் பொருட்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயிலும் வெண்ணெயிலும் நன்றாகக் கரையும். சிறு தீயில் வெண்ணெயை உருக்கி, நறுக்கிய புதினாவைப் போட்டு, சுருங்கும்வரை வதக்கி, அதன்பிறகு மசித்த உருளைக்கிழங்கையோ வெந்த பட்டாணியையோ அதில் சேர்த்துக் கிளறினால் மணம் உள்ளேயே தங்கும். தீ அதிகமானால் வெண்ணெய் கருகி எல்லாம் கசந்துவிடும், அதில் கவனம் வேண்டும். காய்ந்த புதினாவும் இந்த வழியில்தான் நன்றாக எழுகிறது. அதை நேராகச் சூப்பில் கொட்டினால் வைக்கோல் வாசம்தான் வரும். வெண்ணெயில் அரை நிமிடம் பொரியவிட்டு ஊற்றினால் வேறு பொருள் மாதிரி இருக்கும். அளவுக்கு, மூன்று பங்கு பச்சைப் புதினா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பங்கு காய்ந்தது போதும்.

நல்ல நாட்களில், அதாவது அணுக்கள் ஏறி மருத்துவர் சரி என்று சொன்ன நாட்களில், அரைத்துத் தயிரில் கலந்து கொடுப்பேன். அரைக்கும்போது எனக்கு இருந்த பெரிய எரிச்சல் நிறம். பச்சையாக அரைத்தது அரை மணி நேரத்தில் சேறு நிறத்துக்கு வந்துவிடும், அம்மா பார்த்ததுமே வேண்டாம் என்பார். நோயாளிக்கு நிறம் முக்கியம், இதை லேசாக நினைக்காதீர்கள். கொதிக்கிற தண்ணீரில் இலைகளைப் பத்துப் பதினைந்து வினாடி மட்டும் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, பிழிந்து அரைத்தால், கறுக்கவைக்கும் நொதி செயலிழந்து பளிச்சென்ற பச்சை அப்படியே நிற்கும். கொஞ்சம் மணம் குறையும், அதற்குக் கொஞ்சம் கூடுதலாக இலை போட்டுக்கொள்ளலாம். இந்தப் பதினைந்து வினாடியைக் கொதிக்கவைத்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டு அணுக்கள் குறைந்த நாட்களில் கொடுத்துவிடாதீர்கள், இது நிறத்துக்கு மட்டும்தான். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டினால் சூடேறும். விட்டு விட்டு ஓட்டி, ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் கறுப்பு தள்ளிப்போகும் என்பது சரிதான். ஆனால் புளிப்பில் பச்சை நிறமி மெல்ல மங்கி ஆலிவ் நிறத்துக்கு வந்துவிடும், அதனால் பரிமாறும்போது பிழிவதே நல்லது. தண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுனித் தண்டு இளசாக இருந்தால் அரைக்கலாம், முற்றிய தண்டு நாராகி வாயில் நெருடும், கசக்கவும் செய்யும். அதைக் குப்பையில் போடாமல் சூப் கொதிக்கும்போது கட்டிப் போட்டு, பிறகு எடுத்துவிடலாம். நறுக்குவதாக இருந்தால் கூர்மையான கத்தி வேண்டும். மொட்டைக் கத்தி இலையை நசுக்கும், நறுக்கிய பலகை கறுத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும்.

நடுவில் அம்மாவுக்கு வாய்ப்புண் வந்தது. எலுமிச்சை நின்றது, காரம் நின்றது. வழக்கமான புதினாவை மட்டும் தயிரில் கலந்தபோது எரியவில்லை என்றார். அந்த நம்பிக்கையில் பெப்பர்மின்ட் தேநீர்ப் பை வாங்கி வந்து ஆறவைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டார். இரண்டும் ஒன்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சமையலுக்குப் பெரும்பாலும் கிடைக்கிற ஸ்பியர்மின்ட் வகையில் மணத்தைத் தருவது கார்வோன், அதில் மென்தால் மிகக் குறைவு. பெப்பர்மின்ட் என்பது அந்த வகையும் நீர்ப்புதினாவும் கலந்து உருவான கலப்பினம், அதன் எண்ணெயில் முதன்மையானதே மென்தால். மென்தால் வாயைக் குளிரவைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பின் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியைத் தூண்டி, குளிர்வதுபோல உணரவைக்கிறது. புண் உள்ள இடத்தில் அதுவே சுரீரென்று எரியும். இந்த ஏற்பியைக் கண்டறிந்தவர்களில் இருவரான டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் வெப்பம், குளிர், தொடுதல் ஆகியவற்றை உடல் எப்படி உணர்கிறது என்ற ஆய்வுக்காக 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது என்பதைப் பின்னால் படித்தேன். அன்று எனக்குத் தேவைப்பட்டது, பெட்டியின்மேல் எந்த வகை என்று பார்த்து வாங்கு என்று சொல்ல ஒரே ஒரு ஆள். வாய்ப்புண் இருக்கும்போது பெப்பர்மின்ட் வேண்டாம். சாதாரணப் புதினாவைக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறியதும் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்த சின்னக் கட்டிகளை வாயில் அடக்கிக்கொள்ளக் கொடுத்தது அம்மாவுக்கு இதமாக இருந்தது.

உறையவைப்பதைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். இலையை அப்படியே ஃபிரீசரில் போட்டால் உள்ளே இருக்கும் நீர் உறைந்து செல்கள் கிழியும், வெளியே எடுத்ததும் கறுத்துத் துவண்டுவிடும். நறுக்கி ஐஸ் தட்டில் நிரப்பி, மூழ்கும்வரை தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி உறையவைத்து, கட்டிகளை ஜிப் பையில் மாற்றி வைத்தால் சமையலுக்கு நன்றாக இருக்கும். மேலே தூவ உதவாது. எண்ணெயில் போட்டு வைக்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சை இலையை எண்ணெயில் அமிழ்த்தி ஃபிரிட்ஜுக்கு வெளியே வைக்கக் கூடாது. காற்றுப் புகாத இடத்தில் வளரும் பொட்டுலிசம் கிருமிக்கு அது தோதான இடம், கெட்டதற்கான வாசமோ நிறமோ தெரியாமலேயே நஞ்சு சேர்ந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் நான்கு நாளுக்குள் முடித்துவிட வேண்டும், அதற்குமேல் வேண்டுமானால் ஃபிரீசர்தான். உலர்த்துவது இதைவிடச் சுலபம். வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போகும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் பரப்பிவிட்டு, கையில் எடுத்தால் சொரசொரவென்று நொறுங்கும்போது முழு இலையாகவே டப்பாவில் அடைத்து, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். பொடித்து வைத்தால் மணம் சீக்கிரம் போய்விடும், வேண்டும்போது உள்ளங்கையில் கசக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட என்னை வெளியே ஓடவிடாமல் காப்பாற்றியது ஜன்னலோரத்துத் தொட்டிதான். வாங்கிய கட்டிலிருந்தே நல்ல தண்டுகளைப் பொறுக்கி, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். விரல் நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றலாம். தொட்டி ஆழத்தைவிட அகலமாக இருக்க வேண்டும், தண்டுகள் மண்ணை ஒட்டிப் பக்கவாட்டில்தான் ஓடும். தரையில் நட்டால் மற்ற செடிகளின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும், தொட்டியே பாதுகாப்பு. மண் காயக் கூடாது, அடியில் தண்ணீர் தேங்கவும் கூடாது. பாதி நாள் வெயில் போதும். பறிக்கும்போது இலையை மட்டும் கிள்ளாமல் தண்டோடு, ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள், அந்த இரண்டு இலைக்கக்கத்திலிருந்தும் புதுக் கிளை வந்து செடி அடர்த்தியாகும். பூ விட்டால் கிள்ளிவிட வேண்டும், பூத்த பிறகு இலை சிறுத்து மணமும் மாறுகிறது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடிப் புள்ளிகள் வந்தால் அது துரு நோய். பாதித்த தண்டுகளை அடியோடு வெட்டி வெளியே போட்டுவிடுங்கள், பரவியிருந்தால் தொட்டியையே காலி செய்துவிட்டு வேறு மண்ணில் புதிதாகத் தொடங்குவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மண்ணைக் கிளறக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் தொட்டியை அம்மாவின் அறையில் வைக்கவில்லை, வேலையெல்லாம் நானே பார்த்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

சிகிச்சையின் பிற்பகுதியில் அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் தொடங்கியது. புதினா வயிற்றுக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்ததால் நான் இன்னும் கூடுதலாகக் கொடுக்கப் பார்த்தேன், மருத்துவர்தான் குறைக்கச் சொன்னார். உணவுக்குழாயின் அடியில் அமிலத்தை மேலே வரவிடாமல் மூடிக்கொள்ளும் தசையைப் புதினா, குறிப்பாக மென்தால் அதிகமுள்ள வகை, தளர்த்திவிடக்கூடும். சிலருக்கு அதனாலேயே எரிச்சல் கூடும். ராத்திரி புதினாத் தேநீரை நிறுத்தி, மதியச் சாப்பாட்டில் மட்டும் கொஞ்சம் சேர்த்தோம், எரிச்சல் குறைந்தது. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எடுப்பவர்கள் புதினாத் தேநீரை அதே நேரத்தில் குடிக்க வேண்டாம். சாதாரணத் தேநீரைப்போலவே அதுவும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இலை கிடைக்காத நாளில் கடையில் விற்கிற புதினா எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுச் சமைக்கலாமா என்று நானும் யோசித்தேன், கேட்டதற்கு மருந்தாளுநர் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அது கட்டுக்கட்டான இலையின் சாரம் சில சொட்டில் அடங்கியது, தேய்ப்பதற்கும் முகர்வதற்கும் விற்கிற சீசாவை நோயாளியின் சாப்பாட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அப்படிப்பட்ட நாளில் ஃபிரீசரில் இருக்கும் கட்டி ஒன்றை எடுத்துச் சூப்பில் போட்டுக் கொதிக்கவிடுங்கள், அதற்காகவே கையிருப்பாக ஒரு பை எப்போதும் இருக்கட்டும்.